திருத்திய வண்டியும் திருத்தியவர் பொறுப்பும்

திருத்த வேலைக்காகக் கராஜில் விடப்பட்ட மோட்டார் கார் ஒன்று, கூலியும் உதிரிப்பாகங்களின் விலையும் முற்றாகச் செலுத்தப்பட்ட பின்னர் வீடு வந்து சேர்கின்றது. மூன்றாம் நாள் காலையில் அது நடுத்தெருவில் நின்றுவிடுகின்றது. உடையவர் கராஜுக்கு விரைகின்றார். "தம்பி, நீர் பூட்டித் தந்த எஞ்சின் அல்லவா நின்றுவிட்டது?" என்கின்றார். "ஐயா, நாங்கள் கைவைத்த இடம் வேறு, பழுது வந்த இடம் வேறு. வண்டியும் பழையது" என்கின்றார் கராஜ்காரர். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் மனத்தாங்கல் உண்டு. ஒருவர் கொடுத்த பணம் வீணாயிற்று என்று வருந்துகின்றார். மற்றவரோ செய்த வேலைக்குப் பழி வந்ததே என்று குமுறுகின்றார்.

இஃது மோட்டார் வண்டியோடு பிறந்த வழக்கு என்று எண்ணத் தோன்றும். ஆனால் கராஜ் என்ற சொல் தோன்றுவதற்கு மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வழக்குத் தோன்றிவிட்டது. அந்நாளில் பழுதுற்று நின்றது வண்டியன்று, ஓடம்.

ஈரானில் உள்ள சூசா என்னும் பழம்பதியில் 1901 ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் பிரெஞ்சு அகழ்வாராய்ச்சியாளர் ஒரு கருங்கல் தூணைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தனர். இன்று பாரிஸ் நகரின் லூவர் காட்சிச்சாலையில் நிற்கும் அத்தூணிலே பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டங்கள் வெட்டப்பட்டுள்ளன. அவன் கி. மு. 1792 முதல் 1750 வரை ஆண்டவன். யூப்பிரத்தீசு, தைகிரீசு ஆறுகளிலும் அவற்றின் கால்வாய்களிலும் ஓடங்களே அந்நாட்டின் வண்டிகள். ஓடத்தின் பொருத்துகளை அடைத்து, நீர் புகாவண்ணம் நிலக்கீல் பூசுவது ஒரு தனித் தொழிலாய் இருந்தது. அறுபது குர் கொள்ளும் ஓடம் ஒன்றை இவ்வாறு அடைத்துத் தருபவனுக்கு இரண்டு செக்கல் வெள்ளி கூலி என்று சட்டம் கூறுகின்றது. அடுத்த விதியே நாம் தேடுவது. ஓடத்தை அடைத்துத் தந்தவன் வேலையை உறுதியாகச் செய்யாது விட்டு, அதே ஆண்டினுள் ஓடம் பழுது காட்டினால், அவன் தன் சொந்தச் செலவிலே அதனைப் பிரித்து, மீண்டும் உறுதியாக்கி உடையவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவ்விதி. இதனை உலகின் மிகப் பழைய ஓராண்டு உத்தரவாதம் எனலாம்.

இவ்விதியிலே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பிழை யாருடையது, மரம் உளுத்திருந்ததா, ஆற்றில் பாறை இருந்ததா என்ற நுணுக்கங்களுக்குள் அது இறங்கவில்லை. ஆண்டு முடியவில்லை, ஓடம் ஒழுகுகின்றது, ஆகவே திருப்பிச் செய் என்கின்றது. அதே தூணில், வீடு இடிந்து உடையவன் இறந்தால் கட்டியவனைக் கொல்லுக என்ற கொடிய விதியும் உண்டு. அதனோடு ஒப்பிடும்போது ஓடக்காரனுக்குக் கிடைத்த விதி எவ்வளவோ நிதானமானது. இன்றைய கராஜ் உடையவர் ஒருவரைக் கேட்டாலும், தலையைக் கொடுப்பதிலும் வேலையை இன்னொரு முறை செய்வது மேல் என்றே சொல்வார்.

பாபிலோனியர் கேட்காது விட்ட கேள்வியை உரோமர் கேட்டனர். அவர்களுடைய சட்டத்தில் ஒரு பொருளை வேலைக்காகக் கைவினைஞனிடம் ஒப்படைப்பது ஒருவகை வாடகை ஒப்பந்தமாகவே கொள்ளப்பட்டது. சலவைக்காரன், தையற்காரன், பொற்கொல்லன், கட்டடக்காரன் ஆகிய எல்லோரும் அதனுள் அடங்குவர். கி. பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த உல்பியன் என்னும் சட்ட அறிஞர் எழுதியவற்றுள் பல, 533 ஆம் ஆண்டிலே யுஸ்தினியன் பேரரசன் வெளியிட்ட 'டைஜெஸ்ட்' என்னும் பெருந்தொகுப்பில் சேர்ந்துள்ளன. அங்கே ஒரு மணிக்கல்லின் கதை வருகின்றது. மோதிரத்தில் பதிப்பதற்கோ உருவம் செதுக்குவதற்கோ கொடுக்கப்பட்ட கல், வேலையின் நடுவே உடைந்துபோயிற்று. யார் பொறுப்பு? கல்லிலேயே இருந்த குறையால் உடைந்திருந்தால் கைவினைஞன் பொறுப்பல்லன். அவனுடைய திறமையின்மையால் உடைந்திருந்தால் அவனே பொறுப்பு. இவ்வளவோடு உல்பியன் நிற்கவில்லை. கைவினைஞன் ஆபத்தையும் தன்மீது ஏற்றுக்கொண்டு வேலையை எடுத்திருந்தால், கல்லின் குறையும் அவனுக்கு விலக்குத் தராது என்று சேர்க்கின்றார்.

"வண்டி பழையது, ஐயா" என்று கராஜில் இன்று கேட்கும் விடைக்கும், கல்லில் கீறல் இருந்தது என்று உரோமக் கல்வெட்டுக்காரன் சொன்ன விடைக்கும் வேறுபாடு இல்லை. அந்த விடை சில வேளைகளில் நியாயமானது, சில வேளைகளில் வெறும் சாக்குப்போக்கு. எது எப்போது என்பதைப் பிரித்துக் காண்பதற்கு உரோமர் வைத்த அளவுகோல் திறமை. திறமையின்மையும் குற்றத்தின் பாற்பட்டதே என்று கெல்சுஸ் என்பவர் வகுத்த விதியை உல்பியன் எடுத்துக்காட்டுகின்றார். சாதாரண மனிதன் ஒருவன் தனக்குத் தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லி விலகலாம். ஆனால் இத்தொழில் எனக்குத் தெரியும் என்று பலகை தொங்கவிட்டுக் கூலி வாங்குபவன், பிறகு 'எனக்குத் தெரியாமற் போயிற்று' என்று சொல்லித் தப்ப முடியாது. கடையில் ஒப்படைத்த துணியை எலி கடித்தாலும் சலவைக்காரன் பொறுப்பாளி, ஏனெனில் எலியைத் தடுப்பதும் அவனுடைய தொழிலின் பகுதி என்று கொள்ளப்பட்டது. சற்றுக் கடுமை போலத் தோன்றினும், பூட்டிய கராஜினுள்ளே காரின் கண்ணாடி உடைந்து கிடப்பதைக் கண்டவர் எவரும் உரோமரைக் குறை கூறார்.

இன்னொரு கதை கண்ணாடிக் கிண்ணம் பற்றியது. வலைப்பின்னல் போல வெளிப்புறம் குடைந்து செய்யப்படும் கிண்ணங்கள் உரோமரிடையே பெருமதிப்புப் பெற்றிருந்தன. ஓர் உளி தவறினால் முழுக் கிண்ணமும் போய்விடும். ஆகவே அவ்வேலையை ஏற்கும் தொழிலாளர், 'உடைந்தால் நாம் பொறுப்பல்ல' என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது வழக்கம் என உல்பியன் எழுதுகின்றார். கராஜ்களின் சுவர்களிலும் பற்றுச்சீட்டுகளின் அடியிலும் இன்று காணப்படும் 'முகாமையாளர் பொறுப்பல்ல' என்னும் வாசகத்தின் மூதாதை இந்தக் கிண்ணக்காரனே.

உரோமரைப் பற்றி இவ்வளவு விரித்துப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. இது நூல்நிலையத்தில் உறங்கும் செய்தியன்று, இலங்கையின் நீதிமன்றங்களில் உயிரோடு உலாவும் சட்டம். ஒல்லாந்தர் உரோமச் சட்டத்தைத் தம் நாட்டு வழக்கங்களோடு இணைத்து வளர்த்தனர். 1631 ஆம் ஆண்டு வெளிவந்த குறோசியசின் நூலும், லெய்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த யோகானசு வூட் எழுதிய விரிவுரையும் அச்சட்டத்தின் தூண்கள். அது கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களோடு இலங்கைக்கு வந்தது. கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1799 ஆம் ஆண்டு செப்டம்பர் 23 ஆம் திகதிப் பிரகடனத்தின் மூலம் ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்களையே தொடர்ந்து நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தனர். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டம், 1707 இல் தொகுக்கப்பட்டபடி, முதுசம், சீதனம், ஒற்றி முதலியவற்றைப் பற்றிப் பேசுகின்றது. கராஜ்காரரோடு வரும் பிணக்கிற்கு அதில் இடமில்லை. அங்கே மணிக்கல்லும் சலவைக்காரனும் கிண்ணக்காரனுமே துணை. வர்த்தகத் துறையில் ஆங்கிலச் சட்டமும் வந்து கலந்தது. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு வாயில் திறந்தது, 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் அதனைப் பெருக்கியது. ஆகவே கதையின் அடுத்த பகுதியைக் காண இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும்.

ஆங்கிலேய வழக்கு ஒரு குதிரை வண்டியில் தொடங்குகின்றது. ரைட் என்பவர் தபால் வண்டிகளை வழங்கி, அவற்றைப் பழுதின்றிப் பேணித் தருவதாகத் தபால் மா அதிபதியோடு ஒப்பந்தம் செய்திருந்தார். குதிரைகளையும் சாரதிகளையும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர்கள் வேறு சிலர். அவர்களிடம் வேலை பார்த்த சாரதி விண்டர்பாட்டம். 1840 ஆம் ஆண்டு ஆகஸ்டு 8 ஆம் திகதி ஹோலிஹெட் பாதையில் செல்கையில் வண்டி உடைந்தது. ஆசனத்திலிருந்து தூக்கியெறியப்பட்ட சாரதி ஆயுள் முழுவதும் நொண்டியானார். வண்டியைப் பேண வேண்டிய ரைட் பேணவில்லை என்று வழக்குத் தொடுத்தார்.

1842 இல் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் அவ்வழக்கை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. வண்டியில் பழுது இருந்ததா, ரைட் கவனயீனமாக இருந்தாரா என்பன விசாரிக்கப்படவே இல்லை. ரைட் ஒப்பந்தம் செய்தது தபால் மா அதிபதியோடு, சாரதியோடு அன்று. ஒப்பந்தத்தில் சேராதவர் ஒப்பந்தத்தை மீறியதற்காக வழக்கிட முடியாது. பிரதம நீதிபதி அபிங்கர் பிரபு கூறிய காரணம் சுவையானது. இச்சாரதிக்கு இடங்கொடுத்தால், வண்டியில் சென்ற ஒவ்வொரு பிரயாணியும், ஏன், வண்டி கவிழும்போது தெருவால் போய்க்கொண்டிருந்த எவனும் கூட வழக்கிட வந்துவிடுவான், இதற்கு எல்லையே இராது என்றார். தெருவால் போகிறவன் என்ற அச்சொல்லை நேயர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. அவன் மீண்டும் வருவான்.

இதே சாரதி ஒல்லாந்துச் சட்டம் வழங்கிய ஊரில் விழுந்திருந்தால் அவருக்குக் கதவு இவ்வாறு அடைபட்டிராது. அக்குவீலியச் சட்டம் என்னும் பழைய உரோமச் சட்டத்தினின்று வளர்ந்த வழக்குமுறை, ஒப்பந்தம் உண்டா என்று முதலிற் கேட்பதில்லை. பிறர் கவனயீனத்தால் நட்டம் வந்ததா என்றே கேட்கின்றது. ஆங்கிலச் சட்டம் அக்கேள்விக்கு வந்து சேர இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

இடையில் மோட்டார் கார் பிறந்தது. கார் உடைவதில் குதிரை வண்டிக்கு எவ்விதத்திலும் இளைத்ததன்று. வேகம் மட்டும் கூடியது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் மக்பர்சன் என்பவர் வாங்கிய பியூக் காரின் மரச் சில்லின் ஆரங்கள் நொறுங்கி, கார் குடை சாய்ந்து அவர் காயமுற்றார். சில்லைச் செய்தது வேறொரு கம்பனி. காரை அவருக்கு விற்றது ஒரு முகவர். பியூக் கம்பனிக்கும் அவருக்கும் நேர் ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆயினும் 1916 இல் நீதிபதி கார்டோசோ, கவனயீனமாகச் செய்யப்பட்டால் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பொருளைச் செய்பவர், அதனைப் பயன்படுத்துவோர் அனைவர்க்கும் கடமைப்பட்டவர் என்று தீர்ப்பளித்தார். சில்லைச் சோதித்திருந்தால் குறை தெரிந்திருக்கும், சோதிக்கவில்லை என்பதே அவர் கண்ட குற்றம். தபால் வண்டிகளின் காலத்திலிருந்து எடுத்த முன்தீர்ப்புகள் இன்றைய பிரயாண நிலைமைக்குப் பொருந்தா என்ற கருத்தையும் அவர் அத்தீர்ப்பில் எழுதினார்.

இங்கிலாந்தில் அச்சுவரை உடைத்தது வண்டியன்று, ஸ்கொட்லாந்துக் கடையொன்றில் விற்ற இஞ்சிப் பானப் போத்தல். 1928 இல் பெயிஸ்லி நகரில் டொனகியூ என்னும் பெண்மணி குடித்த பானத்தினுள் அழுகிய நத்தை இருந்ததாகக் கூறப்பட்டது. 1932 மே 26 ஆம் திகதி பிரபுக்கள் சபை, ஐந்து நீதிபதிகளுள் மூவரின் பெரும்பான்மையால், போத்தலை அடைத்த உற்பத்தியாளர் கடைசியில் அதனைக் குடிப்பவருக்கும் கடமைப்பட்டவர் என்று தீர்த்தது. அட்கின் பிரபு வகுத்த 'அயலவர்' கொள்கை சட்ட மாணவர் அனைவருக்கும் மனப்பாடம். அதனைத் திருத்துநர்களுக்குப் பொருத்துவதற்கு நெடுங்காலம் செல்லவில்லை. 1935 இல், மோட்டார் சைக்கிளோடு சரியாகப் பொருத்தப்படாத பக்கத்தொட்டி கழன்றுபோனபோது, பொருத்திய கம்பனி வண்டி உடையவருக்கு மட்டுமன்றி, தொட்டியில் இருந்த பிரயாணிக்கும் பொறுப்பாயிற்று.

1939 ஆம் ஆண்டு அபிங்கர் பிரபு அஞ்சிய மனிதர் உண்மையாகவே வந்தார். ஒரு லொறியின் சில்லைத் தாங்கும் விளிம்பு வளையம் கழன்றதால், உடையவர் அச்சில்லை ஒரு திருத்துநரிடம் கொடுத்துப் பூட்டுவித்தார். மீண்டும் லொறியில் மாட்டி ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் அதே வளையம் மறுபடியும் கழன்று, தெருவால் உருண்டு, நடைபாதை மீதேறி, அங்கே நடந்துகொண்டிருந்த பெண்மணி ஒருவரின் காலில் மோதியது. அவர் லொறி உடையவருக்கும் திருத்துநருக்கும் எதிராக வழக்கிட்டார். உடையவர் தகுந்த தொழிலாளியிடம் ஒப்படைத்தார், வேலை சரியா என்று சில்லைப் பிரித்துப் பார்ப்பது அவர் கடமையன்று என விடுவிக்கப்பட்டார். திருத்துநரே பொறுப்பாளி என்று தீர்ப்பாயிற்று. தெருவால் போனவர் வென்றார். ஆனால் அதனால் நீதிமன்றங்கள் வழக்குவெள்ளத்தில் மூழ்கிவிடவில்லை. இரண்டாண்டுகளின் பின், முந்திய நாள் திருத்தப்பட்ட மின்தூக்கி அறுந்து விழுந்த வழக்கிலும் அதே நியாயம் பின்பற்றப்பட்டது.

இவையெல்லாம் உடம்பில் காயம் பட்டவர்களின் வழக்குகள். எவருக்கும் காயமில்லை, கார் மட்டும் நின்றுவிட்டது என்றால்? கராஜுக்குப் போகும் பெரும்பாலோரின் நிலை இதுவே. இங்கே மீண்டும் ஒப்பந்தமே ஆதாரம், மணிக்கல்லின் கேள்வியும் திரும்ப எழுகின்றது.

1934 இல் அறிக்கையிடப்பட்ட 'மையர்ஸ் எதிர் பிரென்ட் கிராஸ்' வழக்கு இதில் முதன்மையானது. ஒரு காரின் எஞ்சினுக்கு, பிஸ்டனையும் கிராங்குத் தண்டையும் இணைக்கும் ஆறு தண்டுகளைக் கராஜ் புதிதாகப் பூட்டிற்று. தண்டுகளை அது உரிய இடத்திலிருந்தே வாங்கியிருந்தது. அவற்றுள் ஒன்றில் கண்ணுக்குப் புலப்படாத உலோகக் குறை இருந்தது. எவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தாலும் கராஜ் அதனைக் கண்டிருக்க முடியாது. தண்டு முறிந்தது, எஞ்சின் பாழாயிற்று. உரோமச் சட்டப்படி பார்த்தால் இது பொருளின் குறை, தொழிலாளியின் குற்றம் அன்று எனத் தோன்றும். ஆனால் மணிக்கல்லைக் கொடுத்தவர் வாடிக்கையாளர், தண்டைக் கொடுத்ததோ கராஜ். இவ்வேறுபாடே வழக்கைத் தீர்த்தது. வேலையும் பொருளும் சேர்ந்த ஒப்பந்தத்தில், தான் இடும் பொருள் நல்ல தரமானது, நோக்கத்திற்குத் தகுந்தது என்று திருத்துநர் உத்தரவாதம் அளிக்கின்றார் என நீதிபதி டு பார்க் விளக்கினார். கடையில் தண்டை மட்டும் வாங்கியவருக்கு இருக்கும் உரிமை, அதனைப் பூட்டியும் தரும்படி கேட்டவருக்கு இல்லாமற் போவது எங்ஙனம்? கராஜ் நட்டஈடு செலுத்தியபின், தனக்கு விற்றவரிடம் அதனைக் கேட்கலாம். கடைசியில் சுமை குறையைச் செய்தவரிடம் போய்ச் சேரும்.

கராஜ்காரர் பக்கத்திலிருந்து நோக்கினால் இத்தீர்ப்புக் கடுமையானதே. செய்த வேலையில் குறையில்லை, வாங்கிய இடத்திலும் குறையில்லை, எனினும் பணம் கட்ட வேண்டும். ஆனால் தண்டை விற்ற கம்பனியின் பெயரைக் கார் உடையவர் அறியார், அதனோடு அவருக்கு ஒப்பந்தமும் இல்லை. அவர் அறிந்த முகம் கராஜ்காரருடையது மட்டுமே. வாடிக்கையாளர் தாமே ஒரு பழைய உதிரிப்பாகத்தை எங்கேயோ வாங்கிவந்து 'இதையே பூட்டும்' என்று வற்புறுத்தினால் கணக்கு மாறும். அப்போது அவர் மணிக்கல்லைக் கொடுத்தவராகின்றார்.

வேலையை வேறொருவரிடம் அனுப்பிச் செய்வித்தால்? 1952 ஆம் ஆண்டு வழக்கொன்றில் 1929 ஆம் ஆண்டுப் பென்ட்லி கார் ஒன்றின் பிறேக்குகளுக்குப் புதிய உட்பூச்சு இடும்படி உடையவர் கராஜிடம் கேட்டார். கராஜ் அவ்வேலையை அத்துறையில் தேர்ந்த வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துச் செய்வித்தது. உடையவருக்கும் அது தெரியும், அவர் மறுக்கவும் இல்லை. பின்னர் பிறேக் பழுதாகிக் கார் விபத்துக்குள்ளாயிற்று. அதனைச் செய்தவர்கள் நாங்கள் அல்லர் என்ற எதிர்வாதத்தை நீதிபதி செல்லர்ஸ் ஏற்கவில்லை. தகுந்த பிறேக் அமைப்பைத் தரும் பொறுப்பைக் கராஜின் திறமையிலும் தீர்ப்பிலும் நம்பியே உடையவர் ஒப்படைத்தார், ஆதலால் கராஜே பொறுப்பு என்றார்.

காப்புறுதிக் கம்பனிகள் வந்தபின் இன்னொரு சிக்கல் புகுந்தது. விபத்தில் சேதமான காரைத் திருத்தும் செலவைக் காப்புறுதிக் கம்பனியே செலுத்துகின்றது. அப்படியாயின் கராஜின் வாடிக்கையாளர் யார்? 1968 இல் லிவர்பூல் மாநகரசபை சம்பந்தப்பட்ட வழக்கில், ஐந்து வாரத்தில் முடிக்கத்தக்க வேலைக்குக் கராஜ் எட்டு வாரம் எடுத்தது. எமக்குப் பணம் தருவது காப்புறுதிக் கம்பனி, கார் உடையவரோடு எமக்கு ஒப்பந்தமே இல்லை என்று கராஜ் வாதித்தது. நூற்றிருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ரைட் சொன்ன அதே வாதம்! மேன்முறையீட்டு நீதிமன்றம் இணங்கவில்லை. காரைக் கொண்டுவந்து விட்டவர் உடையவர், நியாயமான காலத்தினுள் கவனமாகத் திருத்தித் தருவதாக அவரோடும் ஓர் ஒப்பந்தம் உண்டு என்று தீர்த்தது.

இனிக் கண்ணாடிக் கிண்ணக்காரனின் பரம்பரைக்கு வருவோம். ஐந்தாண்டுகளில் மூன்று நான்கு முறை ஒரே கராஜுக்குச் சென்ற ஒருவர், முன்னர் சில முறை அச்சிட்ட படிவத்தில் கையொப்பம் இட்டிருந்தார். அதில், கராஜினுள் தீயினால் வாடிக்கையாளரின் கார்களுக்கு ஏற்படும் சேதத்திற்குக் கம்பனி பொறுப்பல்ல என்று இருந்தது. கடைசி முறை தொலைபேசியில் மட்டும் பேசிக் காரை அனுப்பினார். படிவம் எதிலும் கையொப்பம் இடவில்லை. கராஜின் பழுதான மின்கம்பியால் தீப்பற்றிக் கார் எரிந்தது. 1971 இல் தீர்க்கப்பட்ட இவ்வழக்கில் கராஜ் தோற்றது. ஐந்தாண்டில் மூன்று நான்கு முறை வந்ததை வழமை என்று கொண்டு, இடாத கையொப்பத்தை இட்டதாக்க முடியாது. இட்டிருந்தாலும் கூட, தற்செயலான தீயைப் பற்றியே அவ்வாசகம் பேசுகின்றது என்று சாதாரண வாடிக்கையாளர் நினைப்பார், கராஜின் சொந்தக் கவனயீனத்தையும் அது மூடுகின்றது என்று நினையார் என்பது நீதிமன்றத்தின் கருத்து. இவ்வகை வாசகங்களின் நகத்தை 1977 ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றி வெட்டியது. அதன் அடியொற்றி இலங்கையில் 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் வந்தது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் நிறுவப்பட்டது. இப்போது சுவரில் எழுதியதாலேயே எவரும் பொறுப்பினின்று நீங்கிவிடுவதில்லை. உல்பியனின் கிண்ணக்காரன் இன்றைக்குக் கொழும்பில் கடை வைத்தால் தன் வாசகம் நியாயமானதா என்று விளக்க வேண்டியிருக்கும்.

சட்டநூல்கள் சொல்லும் நிலைமைக்கு அப்பாற்பட்ட காலமும் இந்நாட்டில் இருந்தது. 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டபோது, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். கிடைத்த இரும்பைக் கடைந்து உறுப்பாக்கிப் பூட்டினார்கள். அக்காலத்து மெக்கானிக்குகளின் கைத்திறமையால் நோயாளிகள் வைத்தியசாலை சேர்ந்தனர். அவர்களிடம் காரை விட்டவருக்கு, இது எத்தனை நாள் ஓடும் என்று கேட்கக்கூடாது என்பது தெரியும். இருசாராரும் கல்லின் கீறலை அறிந்தே வேலையை ஏற்றனர். இத்தகைய இடத்தில் நியாயம் திறமையை மட்டுமே கேட்க முடியும், முடிவைக் கேட்க முடியாது.

சாதாரண காலத்தில் வழக்கு நின்று தடுமாறும் இடம் நிரூபணம். திருத்திய அன்றே கழன்ற சில்லு தானே பேசும். ஆறு மாதம் ஓடியபின் முறிந்த தண்டு பேசாது. கராஜ் கழற்றிய பழைய உறுப்பையும், பின்னர் முறிந்த உறுப்பையும் பத்திரப்படுத்தாது விட்டால் நிபுணர் வந்தும் பயனில்லை. முறிந்த காரை வேறொரு கராஜில் அவசரமாகப் பிரித்துத் திருத்திவிட்டு முதற் கராஜின்மீது வழக்கிடுபவர், தம் சாட்சியைத் தாமே கலைத்தவராவார்.

பிணக்கு முற்றினால் கராஜின் கையில் ஒரு வலிய ஆயுதம் உண்டு. கூலி கிடைக்கும் வரை வண்டியை விடாது வைத்திருக்கும் உரிமையே அது. உரோமன் டச்சுச் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் இதனை ஏற்கின்றன. ஆனால் இவ்வுரிமை கையிருப்பில் மட்டுமே வாழ்வது. வண்டியை விட்ட கணமே அது போய்விடும். இங்கிலாந்தில் 1915 ஆம் ஆண்டு வழக்கொன்றில், காரைத் திருத்தாமல் வெறுமனே பேணிமட்டும் வந்த கம்பனிக்கு இவ்வுரிமை இல்லை என்றும், உடையவர் விரும்பியபோதெல்லாம் காரைக் கொண்டுபோக விட்டதே அதனை அழித்துவிடும் என்றும் தீர்க்கப்பட்டது. திருத்தம் பிழை, ஆகவே கூலி தரேன் என்று உடையவர் சொல்ல, கூலி தந்தாலன்றி வண்டி தரேன் என்று கராஜ் சொல்ல, கார் மழையிலும் வெயிலிலும் நிற்கும். இத்தகைய முட்டுக்கட்டையை நீக்க உரோமன் டச்சுச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. கேட்ட தொகைக்கு உடையவர் போதிய பிணை கொடுத்தால் வண்டியை விடுவிக்குமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். பணம் நீதிமன்றத்தில் இருக்க, வண்டி தெருவுக்கு வரும். திருத்தம் சரியா பிழையா என்ற விசாரணை அதன் பின்னர் ஆறுதலாக நடக்கும்.